உள்ளே 30 அடி ரோடு, வெளியே எங்கள் 12 அடி சந்து

இன்றைக்குக் காலை ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற குப்பனூர் ரோட்டைத் தொடும்போது எட்டு இருபத்தைந்து. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மகளுக்குப் பரீட்சை, பாதியில்தான் உள்ளே போனாள். மாரியம்மன் கோயில் வளைவில் எம்சாண்ட் ஏற்றிய டிப்பர் உள்ளே வர, ரெடிமிக்ஸ் வண்டி வெளியே போக, இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது, நடுவில் பால் கேனோடு ஒரு பெரியவர், ஸ்கூல் வேன், அப்புறம் நாங்கள். "அண்ணா, கொஞ்சம் பின்னாடி எடுங்கண்ணா" என்றால், "எனக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு லோடு நிக்குதும்மா, எங்க எடுக்கறது" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நாலு வருஷத்தில் எங்கள் ஊரில் மூன்று மனைப்பிரிவு, இந்த லோடெல்லாம் அங்கேதான் போகிறது. போர்டைப் பார்த்தால் சேர்வராயன் மலை படம், மலைக்காற்று, 30 அடி தார் ரோடு, சோலார் விளக்கு. எல்லாம் உண்மைதான், கேட்டுக்கு உள்ளே! 3000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் 10 சதவீதம் பொது இடத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, பூங்காவுக்கு இடமும் விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பூங்காவுக்குப் போகிற வழி எங்கள் திண்ணையை உரசிக்கொண்டு போகிற சந்துதானே? கோயில் வளைவில் நானே டேப் பிடித்து அளந்தேன், 12 அடி. ஒரு டிப்பரே எட்டடி அகலம். எதிரில் இன்னொன்று வந்தால் எங்கே போகும், யார் வீட்டுக்குள்ளே போகும்?

சரி, சந்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தாலாவது விடிவு உண்டா? மழைக்காலத்தில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற, ஏற்காட்டுக்குப் போகிற இன்னொரு மலைப்பாதையில் மண் சரிந்தால், ஏற்காடு வண்டி அத்தனையும் குப்பனூர் வழியாகத்தான். மே மாதம் கோடை விழா சமயத்திலும் இதே கதை. அன்றைக்கெல்லாம் ரோட்டில் ஏறித் திரும்பவே கால் மணி நேரம்.

மலையிலிருந்து எங்கள் ஏரிக்கு வருகிற ஓடையில் மனை போடுகிறவர்கள் இரண்டு குழாயைப் புதைத்து மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். போன ஐப்பசியில் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் ரோட்டில் ஓடி, ஜல்லியெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது, அதன் மேலேயேதான் இன்றைக்கும் லோடு போகிறது. குடிதண்ணீர் பைப் இந்த வருஷத்தில் மூன்று முறை உடைந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆடி மாதம் பக்கத்து வீட்டு அத்தைக்கு நெஞ்சுவலி, 108 வந்துவிட்டது, ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, நடுவில் செங்கல் லாரி. நாலு பேர் பிளாஸ்டிக் சேரில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். ஆனால் சேரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டால், "அப்ரூவல் வாங்கித்தானே போடறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கடன் வாங்கி மனை வாங்கினவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது, நாளைக்கு அவர்களும் இதே வளைவில்தான் நிற்கப்போகிறார்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் லோடு வண்டி வரக்கூடாது, ஓடையைத் திறக்க வேண்டும், ஏரிக்கரை வழியாகத் தனி ரோடு போட்டுவிட்டு அப்புறம் மனையை விற்கட்டும். நவம்பர் 1 கிராம சபைக்கு அந்த டேப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன், நம் ஊர்க்காரர்கள் வேலை இருக்கிறது என்று சொல்லாமல் வாங்க. எங்கள் வீட்டுக்குப் பின்னாடி சோளக்காட்டில் நேற்றே கல் நட ஆரம்பித்துவிட்டார்கள்.