அது கள்ள முழி இல்லை

அந்த நாய் வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். கோழி பிடித்ததென்று தூணில் கட்டி, செருப்பைக் காட்டி ஏச, அது காதை மடக்கி, வாலைக் கவட்டுக்குள் செருகி, ஓரக்கண்ணால் பார்க்கிறது. கீழே எல்லாரும் நீதவான்கள்: “முழியைப் பார், கள்ளன்!”

அது கள்ள முழி இல்லை. பயந்த முழி.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 14 வளர்ப்பு நாய்களை வைத்துப் பார்த்தார். தின்னாதே என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பி வந்ததும், தின்னாத நாயைத் தின்றது என்றும் சில தடவை வளர்ப்பவரிடம் பொய் சொல்வார்கள்; அவர் நம்பி ஏசுவார். தின்றதோ இல்லையோ, ஏச்சு வாங்கிய நாய்தான் அப்படி முழித்தது. தின்னாமல் ஏச்சு வாங்கியவை இன்னும் கூடுதலாக. தின்னாதவை ஐயா, தின்னாதவை!

எங்கள் ஜிம்மியும் அப்படித்தான். பொரித்த சூடை மீன் காணவில்லை என்று அம்மா ஏச, கூனிக் குறுகி நின்றது. மறுநாள் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் முள், பக்கத்தில் பூனை. பூனை முழிக்கவே இல்லை.

“மட்டக்களப்புப் படுவான்கரையில் யானை அடித்து மனிசன் சாகிறான், உனக்கு நாய் பெரிசா?” என்று வருவீர்கள், தெரியும். அங்கேயும் இதே கதைதானே! வயல் வட்டைக்குள் வந்த தனியன் யானையை யானை வெடி கொளுத்தித் துரத்தி, அது திரும்பினால் உடனே மதம் பிடித்துவிட்டது என்கிறோம். மதம் என்பது ஆண் யானைக்குக் கன்னச் சுரப்பி ஒழுகும் ஒரு காலம். வெடிக்குப் பயந்து திரும்புவதற்குப் பெயர் அதில்லை. கோழிக்காரருக்கு நட்டமா? ஓம், நட்டம்தான். நாயின் சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பில் சுற்றுலாக் காசு காணாமல் போனது. சேர் ஒவ்வொருவராக எழுப்பினார். எனக்கு வாய் உலர்ந்து, நிலத்தைப் பார்த்தேன். “முழியிலேயே தெரியுது” என்றார். உள்ளங்கையில் ஆறு அடி. வெள்ளிக்கிழமை காசு அவருடைய இடாப்புக்குள்ளேயே கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மிச்சப் பள்ளிக்காலம் முழுக்க என் பட்டப்பெயர் கள்ளன்.

நாய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அந்த வீடியோவுக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் மூன்று பேர் அதே வகுப்பில் இருந்தவர்கள்.