பதிகத்தில் கடல் ஏற்கெனவே இருக்கிறது

வெள்ளிக்கிழமை மேடையில் தேவாரத்தோடு கடற்கரைக் குப்பையைப் பற்றியும் நான் பேசியபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பகிரப்படும் ஒளிப்பதிவு, ஐயா ஒருவர் என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிய இடத்தில்தான் தொடங்குகிறது. "பிள்ளை, தேவாரத்தைப் பாடுங்கள். அதற்குள் குப்பையைக் கொண்டுவராதீர்கள்." சபையில் ஒரே சிரிப்பு. பிள்ளைக்கு ஐம்பது வயதாகப் போகிறது, அது கிடக்கட்டும்.

நான் பேசியது இவ்வளவுதான். திருகோணமலைக் கோணேசர்மேல் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தின் முதற்பாடலிலேயே சந்தனமும் அகிலும் மணியும் அலையில் வருகின்றன. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்கிறார் சம்பந்தர், அலை முத்தைக் கரையில் ஒதுக்குமாம். அதே கடல் இன்று சொப்பிங் பையையும் யோகட் கோப்பையையும் கரையில் தள்ளுகிறது. இறைவனைப் பாடியவர் அவன் இருக்கும் கரையையும் சேர்த்துப் பாடியிருக்கிறாரே, அதைப் பாடுகிற நமக்கு அந்தக் கரையில் பொறுப்பில்லையா என்று கேட்டேன். இராமேசுவரத்தில் நின்று பாடியதாகச் சொல்லப்படும் சம்பந்தருக்கு நம் கடல் தெரிந்தது. மாலையில் அதன் ஓரமாக நடந்துவிட்டுக் கச்சான் சுற்றிய பையை அங்கேயே போட்டு வரும் நமக்குத் தெரியவில்லை.

குப்பையைப் பதிகத்துக்குள் நான் கொண்டுவரவில்லை ஐயா. பதிகம் பாடும் கடலுக்குள் நாம்தான் கொண்டுபோய்ப் போட்டோம்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களோடு படம் எடுக்காதவர் யார்? கையில் மான் ஏந்தியவனைக் கும்பிட்டு இறங்கி வந்து, பழம் கொண்டுபோன பையை அந்த மானுக்கு முன்னாலேயே எறிகிறோம். பொலித்தீன் தின்று மான் செத்த செய்தி வந்தால் முகநூலில் ஒரு கண்ணீர் முகம். இதைச் சொன்ன நான் நாத்திகம் பேசுகிறேனாம்!

என் அம்மம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தேங்காய், வெற்றிலை, பழம், கற்பூரம் எல்லாம் பனையோலைப் பெட்டியில்தான் கோயிலுக்குப் போகும். திரும்பும் வழியில் மாடு நின்றால் ஒரு பழம் அதற்கு. (மனிதர்களிடம் அவ்வளவு இரக்கம் காட்டினார் என்று சொல்ல மாட்டேன்.) "யாவர்க்குமாம் பசுவுக்கு ஒரு வாயுறை" என்ற திருமந்திரத்தை அவர் கேட்டிருக்கவே மாட்டார். அவரையும் மேடையிலிருந்து இறக்குவீர்களா?

"ஆகமம் படித்தாயா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படிக்கவில்லை. "இருநிலனாய்த் தீயாகி நீருமாகி" என்று அப்பர் பாடியது எனக்கு விளங்குகிறது, அது போதும். "மற்ற மதத்தவரிடம் போய்ச் சொல்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

"நிலமே பறிபோகிறது, இப்போது குப்பையா?" என்ற கேள்விதான் வலித்தது. 2019 இல் கன்னியா வெந்நீரூற்று நிலம் பறிபோகிறது என்று தெருவில் நின்றபோது என்னை யாரும் பாடிவிட்டுப் போகச் சொல்லவில்லை. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்றபோது காற்றும் கடலும் கெடும் என்று பேசினோம். 2016 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டபோது மகிழ்ந்தோம். அப்போதெல்லாம் சுற்றுச்சூழல் இனித்தது. வெளியார் புகைவிட்டால் அநியாயம், நாம் பை எறிந்தால் பக்தியா?

திருவிழா முடிந்த மறுநாள் விடிய முன்னர் தெருவைக் கூட்டி அள்ளுகிறவர்கள் யார், அவர்களுடைய பாட்டன்மாரை எந்த வாசலோடு நிறுத்திவைத்தோம் என்பதையும் அன்று பேச நினைத்திருந்தேன். "கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்" என்ற அப்பர் பாட்டையும் குறித்து வைத்திருந்தேன். அதற்குள் ஒலிவாங்கி போய்விட்டது. ஒருவேளை அந்தப் பயத்தில்தான் வாங்கினாரோ என்னவோ.

உள்பெட்டியில் "அக்கா, நீங்கள் சொன்னது சரிதான்" என்று எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. நீங்கள் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி என்றால் இங்கே, இந்தப் பதிவின் கீழே, உங்கள் பெயரோடு எழுதுங்கள். உள்பெட்டியில் இனிப் பதில் போட மாட்டேன்.