ஓட்டாத வண்டிக்கு எதற்கு எடைக்குறைப்பு?

டி.50 என்ற அரிய சூப்பர்காரை ஒருவர் மழையில் ஓட்டிப்போன வீடியோவில், அவர் செய்தது சரிதான் என்று ஒரு கமெண்ட் போட்டதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அதற்குக் கீழே வந்த பதில்களைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும்.

"இப்படி ஒரு வண்டியைச் சேற்றில் இறக்குகிறவனுக்கு அதன் அருமை தெரியவில்லை." இதுதான் அதிக லைக் வாங்கிய கமெண்ட். நான் சொல்வது நேர் எதிர். அந்த வண்டியின் அருமை தெரிந்தவர் அதை ஓட்டிய அந்த மனிதர்தான். மூடிவைத்துக் காவல் காக்கச் சொல்கிறவர்களுக்குத்தான் அது என்ன வண்டி என்றே புரியவில்லை.

இங்கிலாந்தில் கார் செய்யும் கோர்டன் மர்ரே வடிவமைத்தது. மொத்தமே 100 வண்டிகள், வரி இல்லாமலே 23.6 லட்சம் பவுண்டு. இந்த விலையில் இரண்டு டன்னை நெருங்கும் புகாட்டி சிரோன் மாதிரி வண்டிகளும் வந்தன. டி.50-க்கு அவர்கள் அறிவித்த எடை 986 கிலோ. நம் ஊர்ச் சின்ன ஹேட்ச்பேக்கின் எடை, அதில் 12 சிலிண்டர் இன்ஜின்! காஸ்வொர்த் கம்பெனி செய்த 3.9 லிட்டர் இன்ஜின் 178 கிலோதான், 12,100 ஆர்.பி.எம். வரை சுற்றும். கியர்பாக்ஸின் வெளிக்கூடான கேசிங்கை 2.4 மில்லிமீட்டர் கனத்துக்கு வார்த்திருக்கிறார்கள். கண்ணாடியைச் சன்னமாக்கினார்கள். பாட்டுக் கேட்கிற சிஸ்டத்தைக்கூட 4 கிலோவுக்குள் அடக்கினார்கள். ஒவ்வொரு கிராமுக்கும் ஒருவர் உட்கார்ந்து மண்டையை உடைத்திருக்கிறார்.

எதற்காக? பெயிண்டை நின்றுகொண்டு ரசிக்கலாம். வடிவத்தைச் சுற்றிவந்து பார்க்கலாம். எடைக்குறைவை அப்படிப் பார்க்க முடியாது. பிரேக் மிதிக்கும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, வளைவில் வண்டி நம்மோடு சேர்ந்து திரும்பும்போது மட்டும்தான் அது இருக்கிறது. ஏசி போட்ட அறையில் துணி போர்த்தி நிறுத்தினால் 986 கிலோவும் 1,986 கிலோவும் ஒன்றுதான். பின்னால் 400 மில்லிமீட்டர் மின்விசிறி வைத்திருக்கிறார்களே, வண்டிக்கு அடியில் போகும் காற்றை இழுத்துத் தரையோடு பிடித்துவைக்க? நிற்கிற வண்டிக்கு அது எதற்கு?

மர்ரே இந்த வண்டியை ரெக்கார்டு வைக்கச் செய்யவில்லை. அதிகபட்ச வேகமோ லேப் டைமோ தன் இலக்கில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். மூன்று பேர் உட்கார்ந்து, பெட்டியும் வைத்துக்கொண்டு சாலையில் போகத்தான் செய்தார். அந்தச் சாலை இங்கிலாந்துச் சாலை. அங்கே மழை பெய்யாதா?

இவருடைய பழைய வண்டிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1992-இல் வந்த மெக்லாரன் எஃப்1, சாலையில் ஓட்டுகிற கார். 1,138 கிலோ. பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பிரேக் மிதிப்பதை லேசாக்கும் சர்வோ இல்லை. எடையைக் கூட்டுகிற, சாலையை ஓட்டுநரிடமிருந்து மறைக்கிற எதுவும் வேண்டாம் என்றார். கூடவே வரும் ஸ்பேனர் செட்டைக்கூட டைட்டானியத்தில் செய்தார்கள். மொத்தம் 106 வண்டிகள். அதில் ஒன்று 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடியே 4 லட்சம் டாலருக்குப் போனது. 1995-இல் செய்த வண்டி. ஓடியிருந்தது 390 கிலோமீட்டர் சுமாருக்கு. 26 வருடத்தில்! கோவையிலிருந்து சென்னைக்கு ஒருமுறை போயிருந்தால்கூட அதைவிட அதிகம். அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார்கள், கைதட்டித்தான் வாங்கினார்கள். எனக்கு அந்தச் செய்தி துக்கச் செய்தியாகத்தான் பட்டது.

சரி, "அவர் காசு, அவர் இஷ்டம்" என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழையில் ஓட்டியவரும் அவர் காசில்தானே வாங்கினார்? அவரை மட்டும் ஏன் திட்டினீர்கள்? பூட்டிவைக்கிறவனுக்கு இஷ்டம், ஓட்டுகிறவனுக்கு மட்டும் கண்டிப்பா?

"விலை விழுந்துவிடும்." இந்தக் கணக்குக்கும் பதில் உண்டு. நடிகர் ரோவன் அட்கின்சன் தன் எஃப்1-ஐ 41,000 மைல் ஓட்டினார். இரண்டு தடவை விபத்து. 2011 விபத்துக்குப் பிறகு ரிப்பேருக்கு மட்டும் 9 லட்சம் பவுண்டுக்கு மேல் ஆனது. அப்புறமும் 2015-இல் வாங்கினதைப் போலப் பல மடங்குக்கு விற்றார். ஃபெராரி 250 ஜிடிஓ-வை எடுங்கள், செய்ததே 36. அத்தனையும் பந்தயத்துக்காகச் செய்தவை, பல அடி வாங்கியவை. அதில் ஒன்று 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. பிங்க் ஃபிளாய்ட் டிரம்மர் நிக் மேசன் தன்னுடையதை 1977-இல் வாங்கி, அதற்குப் பிறகும் பந்தயத்தில் ஓட்டினார். அந்த 36 வண்டிகளையும் புதிதாக வந்தபோதே பூட்டிவைத்திருந்தால் இன்று அவற்றுக்கு என்ன கதை இருக்கும், யார் அந்த விலை கொடுப்பார்கள்?

"வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்க வேண்டாமா?" வேண்டும். 1995-இல் லெ மான்ஸ் பந்தயத்தை ஜெயித்த எஃப்1 ஜிடிஆர்-ஐ, அதாவது எஃப்1-இன் பந்தய வடிவத்தை, மெக்லாரன் தன்னிடமே வைத்திருக்கிறது, அது சரிதான். 24 மணி நேரம் மழையிலும் இருட்டிலும் ஓடி ஜெயித்துவிட்டு ஓய்வெடுக்கிற வண்டி அது. ஓடவே ஓடாததற்கு என்ன ஓய்வு?

அப்புறம், பூட்டிவைத்தால் பத்திரமாக இருக்கும் என்பதே பொய். ஆயில் சீல் காயும், பெட்ரோல் கெடும், டயர் இறுகும். எஃப்1-இன் எரிபொருள் டேங்கை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், அதற்கு இன்ஜினையே இறக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தச் செலவு உண்டு. 2013-இல் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்தை எல்லாருக்கும் தெரியும். வேகம்தான் காரணம் என்றது விசாரணை. டயர்கள் 9 வருடப் பழசு என்பதையும் அதே விசாரணைதான் சொன்னது. வருடக்கணக்கில் சும்மா நின்ற வண்டியை ஒருநாள் திடீரென்று எடுப்பதுதான் ஆபத்து. வாராவாரம் ஓட்டுகிறவனுக்குத் தன் டயர் எப்படி இருக்கிறதென்று தெரியும்.

இப்போது என்னை நோக்கி வந்த பதிலுக்கு வருகிறேன். "அண்ணா, சொந்தமா ஒரு பழைய ஐ10 வெச்சுக்கிட்டு 25 கோடி வண்டிக்கு அட்வைஸ் பண்றீங்களே." இதற்கும் சிரிப்பு எமோஜிகள். அதில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். வலித்தது.

தம்பி, கேட்டுக்கொள். நான் கோவையில் ஒரு தொழிற்சாலையில் டிசைனில் இருந்தவன். ஒரு வண்டிக்கான அலுமினிய பிராக்கெட் ஒன்றின் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எந்த ரிப் (வலுவுக்காக வைக்கும் பட்டை) சுமையைத் தாங்குகிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, டிராயிங்கை மாற்றி மாற்றி, வார்ப்புக்குப் பேட்டர்ன் (மாதிரி அச்சு) போடுகிறவரோடு சண்டை போட்டு இழைத்தேன். ஃபவுண்டரியில் ஒரு பெரியவர், "ஏனுங்க தம்பி, இதுக்கு மேல சன்னமாக் கேட்டா உலோகம் ஓடாதுங்க, பாதியிலயே ஒறஞ்சு போயிருமுங்க" என்றார். ஆனாலும் விடவில்லை. மறுநாள் அவரே ஊற்றுவாயை இடம் மாற்றி, வேறு வழியில் உலோகத்தை ஓடவைத்துக் காட்டினார். குறைந்தது கிராம் கணக்கில்தான். அதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் புராஜெக்டைக் கைவிட்டுவிட்டார்கள். பிராக்கெட் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பாலிஷ் போட்டு ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், வருகிறவர்கள் பார்க்க. கையில் எடுத்தால்தானே அது எவ்வளவு லேசு என்று தெரியும்? கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதுவும் ஒரு பிராக்கெட், அவ்வளவுதான். நான் அந்த வேலையை விட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டியைக் கடந்து உள்ளே போவது தினமும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால்தான் இது எனக்குப் பணக்காரர்களைப் பற்றிய பேச்சே இல்லை. பொறாமையும் இல்லை. 2.4 மில்லிமீட்டர் கேசிங்கை வார்த்தவன் ஒருவன் இருக்கிறான். அந்த இன்ஜினை 12,100-இல் சுற்றவைக்க ராத்திரி முழுக்க டெஸ்ட் பெஞ்சில் நின்றவன் இருக்கிறான். அவர்கள் யாரும் அந்த வண்டியை வாங்கப் போவதில்லை. தாங்கள் செய்தது எங்கோ ஒரு சாலையில் ஓடுகிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கிடைப்பது. அதையும் பூட்டிவைக்கச் சொல்லிக் கைதட்டுகிறீர்கள். ஓட்டியவனைக் கோமாளி என்கிறீர்கள்.

கம்பெனிகள் நினைத்தால் வழி இல்லாமல் இல்லை. ஃபோர்டு ஜிடி வாங்கியவர்கள் இரண்டு வருடம் விற்கக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். மீறி விற்றார் என்று மல்யுத்த வீரர் ஜான் சீனா மீதே 2017-இல் வழக்குப் போட்டது ஃபோர்டு. 911 எஸ்/டி-யை அமெரிக்காவில் முதல் வருடம் லீசுக்குத்தான் கொடுத்தது போர்ஷே. ஆனால் இதெல்லாம் விற்பதைத் தடுக்கிற ஏற்பாடு. ஓட்டவைக்கிற ஏற்பாடு ஒன்றையும் காணோம். கம்பெனிக்காரர்களே, அடுத்த 100 வண்டிகளை யாருக்குக் கொடுப்பது என்று உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறீர்கள் இல்லையா, அப்போது வாங்க வருகிறவரிடம் அவருடைய பழைய வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். 390 என்று பதில் வந்தால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.