குடிகாரனுடைய மீன்

ஞாயிற்றுக்கிழமை செத்த வீட்டில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேரில் இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்குப் போதகர் பேசிய காணொளி போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் கீழே "உண்மையைத்தானே சொன்னார்", "ஆமென்", "எச்சரிப்பின் சத்தம்" என்று வந்து விழுகிற பின்னூட்டங்களைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. (செத்தவரின் மனைவியான அக்காவின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ யாரும் இங்கே போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன்.)

பெட்டி மூடவில்லை. மனைவி தலைமாட்டில் இருக்கிறார். மூத்த மகன் ஈ விரட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, குடித்து அழிந்தவனுக்குக் கடவுள் கொடுத்த தவணை முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு போதகருக்கு எப்படி மனம் வருகிறது? கடவுள் என்ன, வட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தவணைக்கு வந்து வாசலில் நிற்பவரா?

கடவுள் நல்லவர். நாம் ஒழுங்காக நடப்பதால் அவர் நல்லவராக இருக்கவில்லை; நாம் கெட்டுப்போனதும் அவருடைய நன்மை கெட்டுப்போவதும் இல்லை. நம்முடைய பாவங்களுக்குத் தக்கபடி அவர் நமக்குச் செய்வதில்லை என்று 103ஆம் சங்கீதம் சொல்கிறது. ஞாயிறு பாடசாலையில் அதை மனப்பாடமாகச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் பரிசு வாங்கினோம். எனக்குச் சவர்க்காரப் பெட்டி கிடைத்தது. இன்றைக்கு "ஆமென்" போட்டிருப்பவர்களில் சிலரும் என்னோடு வரிசையில் நின்றவர்கள்தான்.

இந்தக் கணக்குப் பார்க்கும் வேலை நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அன்று, திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் என் பெரியம்மாவின் பேத்தியைக் கடல் கொண்டுபோனது. பாடசாலை முகாமில், மேசை வாங்குகளை ஒதுக்கிவிட்டுப் பாய் போட்டிருந்த வகுப்பறையில், பெரியம்மா அழக்கூட இல்லாமல் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த சிலர் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். கரையோர மக்களின் பாவத்துக்கு விழுந்த அடி இது என்று அதில் அச்சடித்திருந்தார்கள். பெரியம்மா அதை வாங்கினார், நாலாக மடித்தார், ஈ விழாமல் தேநீர்க் கோப்பையின் மேல் மூடியாக வைத்தார். அதைவிடச் சிறந்த பதில் பிரசங்கத்தை நான் இன்றுவரை கேட்கவில்லை.

இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோயிலுக்குப் போனவரும் பள்ளிவாசலுக்குப் போனவரும் விகாரைக்குப் போனவரும் ஒரே அலையில் போனார்கள். இவர்களில் யார் பெரிய பாவி?

இயேசுவிடமும் இதே கதைதான் வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்திருந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்றும் சொன்னார். லூக்கா 13. உடனே நீங்கள் அடுத்த வரியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று இருக்கிறதே என்று. இருக்கிறது. யாரைப் பார்த்துச் சொன்னார்? உயிரோடு முன்னால் நின்றவர்களைப் பார்த்து. பிரேதத்தைச் சுட்டிக்காட்டி அல்ல.

"அப்படியென்றால் குடிக்கலாம் என்கிறீர்களா?" நான் எங்கே சொன்னேன்? குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று அக்காவுக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியாது, போதகருக்கும் தெரியாது. கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிற்கலாமா என்ற கேள்விக்குப் பவுல் ரோமருக்கு எழுதியபோதே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"கடவுள் நீதியுள்ளவர் இல்லையா?" நீதியுள்ளவர்தான். அந்த நீதியை அவரே பார்த்துக்கொள்வார், உங்கள் உதவி தேவைப்படாது.

"நல்லவர் என்றால் அந்தக் குழந்தையை ஏன் கடலுக்குக் கொடுத்தார்?" தெரியாது. கோபுரம் ஏன் விழுந்தது என்று இயேசுவும் சொல்லவில்லை. பெரியம்மா அதற்குப் பிறகும் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எச்சரிக்க வேண்டாமா?" எச்சரித்திருக்கலாமே! தவறணைக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அக்காவின் கணவர் நின்ற மாலைகளில் எத்தனை பேர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்? வாடைக்காற்றில் படகு இறங்காத மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எரிந்ததா என்று சபையிலிருந்து யார் போய்ப் பார்த்தார்கள்? ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலருகே வந்து ஒரு ஜெபம் செய்தவர் யார்? அவர் வாயால் பதில் சொல்ல முடியாத நாளில் எல்லோரும் தீர்க்கதரிசிகள் ஆகிவிட்டீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே முடியவில்லை. சபையார் கொண்டுவரும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு அவர் ஒவ்வொரு வருடமும் மீன் கொண்டுவருவார். ஒரு முறை, கை அகலத்துக்கும் மேலான பெரிய பாரை, செவுள் இன்னும் சிவந்தபடி, ஈரச் சாக்கில் சுற்றியிருந்தது. ஏலத்தில் விலை ஏற ஏறக் கைதட்டினோம். குடிகாரனுடைய மீன், வேண்டாம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஒலிவாங்கியும் அன்றைக்குப் பாவத்தைப் பற்றிப் பேசவில்லை.

நீ ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். என் அப்பாவும் குடித்தவர். போதுமா?

அடக்கம் முடிந்து வந்த இரவு, "தம்பி, அவர் எங்கே போயிருப்பார்?" என்று அக்கா என்னிடம் கேட்டார். நான் போதகரும் அல்ல, சாவி வைத்திருப்பவனும் அல்ல. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு ஞானஸ்நானம் இல்லை, சபைப் பதிவு இல்லை, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்டான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது என்று சொன்னேன். "அவரும் ஆஸ்பத்திரியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டேதான் கிடந்தார்" என்றார் அக்கா.

31ஆம் நாள் ஜெபத்தை அக்கா வீட்டிலேயே வைக்கிறார். பேசுவதற்கு வேறு ஒருவரைக் கேட்டிருக்கிறோம். தடுப்பதற்குச் சபை மூப்பர்கள் கூட்டம் போடுவதாகக் கேள்விப்பட்டேன். போடுங்கள்.