'பொருத்தம்' என்று ஒரு கட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் மதிப்பெண் போட வேண்டும். தாளில் ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'பொருத்தம்'. அன்று வந்தவர்களில் ஒரு பெண், நாங்கள் கொடுத்த கணக்கைப் பலகையில் படிப்படியாகப் போட்டுக்காட்டினார். கேள்வியிலேயே இருந்த ஒரு பிழையையும் எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் எங்களில் மூத்தவர், "கெட்டிக்காரிதான். ஆனால் நம்மோடு ஒட்டமாட்டார் என்று தோன்றுகிறது" என்றார். பக்கத்தில் இருந்தவர் கடைசிக் கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்த 8-ஐ அழித்துவிட்டு 4 என்று எழுதினார். அழித்த தடம் தாளில் அப்படியே தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்தவர், மூத்தவர் படித்த அதே கல்லூரியில் படித்தவர். பழைய பேராசிரியர்களைப் பற்றியே பாதி நேரம் பேச்சு ஓடியது. வேலை அவருக்குப் போயிற்று.

வேலைக்கு ஆள் எடுப்பதில் பன்முகத்தன்மை வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், "தகுதியைப் பாருங்கள், அது போதும்" என்று உடனே பதில் வருகிறது. எனக்கும் அதுதான் வேண்டும். அந்த அறையில் தகுதியை யார் பார்த்தார்கள்?

மரியான் பெர்ட்ரான்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர்களை மட்டும் குலுக்கல் முறையில் ஒட்டினார்கள். வெள்ளையர் பெயர் இருந்தால் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் இருந்தால் சுமார் 15 அனுப்ப வேண்டியிருந்தது. நேர்காணலுக்கு முன்பே, முகத்தைப் பார்ப்பதற்கும் முன்பே, பெயரைப் படித்த இடத்திலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

மனிதர்கள்தானே இப்படி, இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பார்கள். அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் ஒரு கணினி நிரலை உருவாக்கி அதைச் செய்து பார்த்தது. பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களை அது கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. கடைசியில் அதைக் கைவிட்டார்கள், 2018இல் செய்தி வெளிவந்தது. நாம் இதுவரை அழித்தெழுதிய மதிப்பெண்களைத்தான் அதற்குப் பாடமாகக் கொடுக்கிறோம்.

"எங்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது" என்பார்கள். அந்த மூத்தவருக்கும் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் கேள்வி அதுவன்று. 1971இல் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த நிறுவனம் பள்ளிச் சான்றிதழும் பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில் தேர்ச்சியும் கேட்டது. அந்த வேலையைச் செய்யும் திறமைக்கும் இவற்றுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்ட முடியவில்லை. சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்தவர்கள் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். நிபந்தனையால் தடுக்கப்பட்டவர்களில் மிகுதியானோர் கறுப்பினத்தவர். வேலைக்குத் தொடர்பில்லாத அளவுகோல் ஒரு சாராரை வெளியே நிறுத்துமானால், நல்லெண்ணம் அதற்குச் சாக்காகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரப் படத்தில் நிறுத்துவதற்காக ஒருவரை எடுத்துவிட்டு, முடிவெடுக்கும் எந்த மேசைக்கும் அவரை அழைக்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. தன் உழைப்பால் வந்தவரைக்கூட "இடம் நிரப்ப வந்தவர்" என்று முதுகுக்குப் பின்னால் பேச அது வழி செய்கிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எது நல்ல பதில் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள், பேனாவால். இப்படி வரையறுத்து நடத்தும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட ஒருவரின் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 'பொருத்தம்' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால், எதற்குப் பொருத்தம் என்பதையாவது அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் போன கடிதத்தில், அவரைவிடத் தகுதியான ஒருவர் கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தோம். மதிப்பெண் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.