கீழே இறங்க ஒரு கார்டு

(குன்னூர் ஓட்டுப்பட்டறையில் ஒரு வீடு. ஜூலை மாதத்து இரவு, எட்டு மணி. வெளியே தூறல், ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. முருகேசன் டாக்ஸி ஓட்டுகிறவர். சாந்தி பெட்போர்டு பக்கம் ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவர். கல்லாவில் உட்காருகிற பெண்ணைக் கட்டிக்கொண்ட ஆண் என்றைக்காவது ஒரு நாள் இப்படி மாட்டத்தான் வேண்டும்.)

சாந்தி: என்னங்க, இந்த 5,900 என்ன?

முருகேசன்: எந்த 5,900?

சாந்தி: உங்கள் போனில் வந்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 5,000, ஜிஎஸ்டி 900. நான் ஒன்றும் நோண்டிப் பார்க்கவில்லை. பையன் கேம் ஆடிக்கொண்டிருந்தான், மெசேஜ் வந்து விழுந்தது, தமிழ்ப் பாடம் மாதிரி சத்தமாக வாசித்துவிட்டான்.

முருகேசன்: ஓ, அதுவா. டிராவல் கிரெடிட் கார்டு.

சாந்தி: எந்த டிராவலுக்கு?

முருகேசன்: என் தொழிலே டிராவல்தானே?

சாந்தி: நீங்கள் ஓட்டுகிறீர்கள். டிராவல் பண்ணுகிறவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முருகேசன்: போன வருடம் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் பார்ட்டிக்காகக் காத்திருந்தேன். டை கட்டிய பையன் ஒருவன் வந்து, 'சார், மாதத்துக்கு எத்தனை முறை ஏர்போர்ட் வருவீர்கள்?' என்று கேட்டான். பத்துப் பன்னிரண்டு முறை என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவன் கண் அப்படியே விரிந்துவிட்டது. 'உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் சார் இந்தக் கார்டே' என்றான். வண்டி லோனுக்காக வருமான வரி பேப்பர் எல்லாம் தயாராக இருந்ததா, பத்தே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது.

சாந்தி: நீங்கள் டிரைவர் என்று சொல்லவில்லையா?

முருகேசன்: அவன் கேட்கவில்லை.

(நியாயமாகப் பார்த்தால் இதில் இருவர் மேலும் தப்பில்லை.)

சாந்தி: சரி, 5,900 கொடுத்தால் என்ன தருகிறார்கள்?

முருகேசன்: லவுஞ்ச்! ஏர்போர்ட்டுக்குள் ஏசி ரூம். மெஷினில் ரெண்டு ரூபாய் தேய்த்தால் போதும். இட்லி, பொங்கல், காபி, தயிர் சாதம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சோபாவில் கால் நீட்டிப் படுக்கலாம். பிளைட் லேட்டானால் வண்டியில் சீட்டைச் சாய்த்துக் கொசுக்கடி வாங்குகிறேனே, அதற்குப் பதிலாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

சாந்தி: படுத்தீர்களா?

முருகேசன்: போனேன்.

சாந்தி: போனீர்கள் சரி, படுத்தீர்களா?

முருகேசன்: வாசலில் துப்பாக்கி வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். 'டிக்கெட்?' என்றார். கார்டைக் காட்டினேன். 'டிக்கெட்?' என்றார். லவுஞ்சுக்கு மட்டும்தான் போக வேண்டும், விமானத்தில் ஏற மாட்டேன், என்னை நம்புங்கள் என்றேன். அதற்கும் 'டிக்கெட்?'தான். அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் தமிழ் இல்லை.

சாந்தி: லவுஞ்ச் செக்யூரிட்டியெல்லாம் தாண்டி உள்ளே அல்லவா இருக்கும்? பயணிக்குத்தானே அது?

முருகேசன்: அதைத்தான் அந்த டைக்காரப் பையன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாந்தி: இங்கிருந்து 70 கிலோமீட்டர் இறங்கி, ரெண்டு ரூபாய் இட்லி சாப்பிடப் போய், அந்த இட்லியும் கிடைக்காமல் திரும்பி ஏறி வந்திருக்கிறீர்கள். வேறென்ன தருகிறார்கள்?

முருகேசன்: வெளிநாட்டில் தேய்த்தால் ரெண்டு சதவீதம்தான் கூடுதலாகப் பிடிப்பார்கள். சாதாரணக் கார்டில் மூன்றரை.

சாந்தி: நாம் கடைசியாகப் போன வெளிநாடு எது?

முருகேசன்: (யோசித்து) குண்டல்பேட்டை.

சாந்தி: அது கர்நாடகா.

முருகேசன்: பாஷை வேறதானே? அப்புறம், விமானத்தில் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் உனக்கு ஒரு கோடி.

சாந்தி: பர்லியாரில் பலாப்பழம் தின்ன வருகிற யானை உங்களை மறித்து ஏதாவது ஆகிவிட்டால்?

முருகேசன்: அது... விமானத்தில்தான் மறிக்க வேண்டும்.

(சாந்தி எழுந்துபோய் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த காகிதப் பையைக் கிழித்துப் பரப்புகிறார். நெய்க்கறை படியாத மூலையாகப் பார்த்துப் பேனாவைத் திறக்கிறார். முருகேசன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கறைக்குப் பக்கத்தில் வைக்கிறார். கறுப்பு நிறம், ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் சின்னதாக ஒரு விமானம். ஒரு வருடமாக டீசல் கையால் பிடித்ததில் அந்த விமானத்தின் வால் மட்டும் அழிந்துபோயிருந்தது.)

சாந்தி: ஒரு வருடத்தில் மொத்தம் எவ்வளவு தேய்த்தீர்கள்?

முருகேசன்: மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். (கொஞ்சம் பெருமையாக) அஞ்சு லட்சம் தாண்டியிருந்தால் இந்தக் கட்டணமே கிடையாது. பக்கத்தில் வந்துவிட்டேன்.

சாந்தி: அதில் டீசல் எவ்வளவு?

முருகேசன்: மாதம் 15,000. வருடத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

சாந்தி: தேய்த்தால் தருகிற பாயிண்ட் டீசலுக்கு உண்டா?

முருகேசன்: கிடையாது.

சாந்தி: அந்த அஞ்சு லட்சக் கணக்கிலாவது டீசல் சேருமா?

முருகேசன்: அதுவும்... சேராது. ஆனால் ஒரு சதவீத சர்சார்ஜைத் தள்ளுபடி செய்கிறார்கள்!

சாந்தி: கார்டு தேய்ப்பதால்தானே அந்த சர்சார்ஜே வருகிறது? காசாகக் கொடுத்தால் அது ஏது? அவர்களே காலை மிதித்துவிட்டு அவர்களே தைலம் தடவுகிறார்கள், நீங்கள் தைலத்துக்கு நன்றி சொல்கிறீர்கள். சரி, மீதி ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். நூற்றுக்கு ரெண்டு பாயிண்ட் என்றால் 2,640.

முருகேசன்: சேரும்போது கொடுத்த 5,000 பாயிண்டை விட்டுவிட்டாயே. மொத்தம் 7,640!

சாந்தி: சேரும்போதும் 5,900 கட்டினீர்களா?

முருகேசன்: ...மழை பலமாக ஆரம்பித்துவிட்டது போல.

சாந்தி: தூறல்தான். அந்த ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரமும் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டில் டயரும் இன்ஷூரன்ஸும் தவிர என்ன வாங்கினோம்?

முருகேசன்: பக்கத்து வீட்டு அக்கா ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். என் கார்டில் தேய்த்துவிடுகிறேன், காசை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர்களுக்கும் ஃப்ரிட்ஜ், நமக்கும் பாயிண்ட்.

சாந்தி: எவ்வளவு?

முருகேசன்: 24,000.

சாந்தி: கொடுத்துவிட்டார்களா?

முருகேசன்: மாதம் ரெண்டாயிரம் கொடுக்கிறார்கள். நல்ல மனுஷி. ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

சாந்தி: உங்களுக்கு அவர்கள் தவணையில் கொடுக்கிறார்கள். பேங்குக்கு நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள்?

முருகேசன்: அந்த மாதம் பில் 31,000 வந்தது. கீழே 'குறைந்தபட்சத் தொகை 1,550' என்று போட்டிருந்தான். நல்ல மனசு என்று அதை மட்டும் கட்டினேன்.

(சாந்தி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். கல்லாவில் கள்ள நோட்டு வரும்போதுதான் வழக்கமாக அவர் இப்படி வைப்பார்.)

சாந்தி: அடுத்த பில்லை எடுங்கள். இதோ பாருங்கள், வட்டி 1,250. வட்டிக்கு ஜிஎஸ்டி 225. மாதம் மூன்றரை சதவீதம். வருடத்துக்கு 42. குறைந்தபட்சம் கட்டினால் அபராதம் போட மாட்டான், அவ்வளவுதான். பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி தீரும் வரை புதிதாகத் தேய்க்கிற காய்கறிக்கும் அன்றைக்கே வட்டி ஆரம்பம். ஃப்ரிட்ஜுக்கு எத்தனை பாயிண்ட் வந்தது?

முருகேசன்: 480.

சாந்தி: பொருளாக வாங்கினால் ஒரு பாயிண்ட் எவ்வளவு?

முருகேசன்: கால் ரூபாய்.

சாந்தி: 120 ரூபாய். அதைச் சம்பாதிக்க 1,475 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அக்கா ஃப்ரிட்ஜில் ஐஸ் தண்ணீர் குடிக்கிறார்கள். குன்னூரில் அதுவும் யாருக்கு வேண்டியிருக்கிறது?

முருகேசன்: விமான டிக்கெட்டாக எடுத்தால் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய், சாந்தி. 7,640 ரூபாய்! சென்னைக்குப் பறக்கலாம்.

சாந்தி: யார்?

முருகேசன்: நாம் நாலு பேரும்.

சாந்தி: டிக்கெட் விலையில் பாதிக்குத்தான் பாயிண்ட் எடுத்துக்கொள்வார்கள் என்று இங்கே பொடி எழுத்தில் இருக்கிறது. மீதிப் பாதி நம் கையிலிருந்து. நாலு பேருக்குப் போக வர எவ்வளவு ஆகும்? மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை. சரி, நீங்கள் மட்டுமாவது போய் அந்த லவுஞ்சைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முருகேசன்: ஏர்போர்ட் வரைக்கும் என்னை யார் கொண்டுபோய் விடுவது? ஸ்டாண்டில் கேட்டால் ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறைய மாட்டார்கள்.

சாந்தி: அந்த ரேட்டை நிர்ணயம் பண்ணியது யார்?

முருகேசன்: நான்தான். சங்கத்தில்.

(இங்கே ஒரு நிமிடம் இருவரும் சிரிக்கிறார்கள். சிரித்தபின் 5,900 அங்கேயே இருக்கிறது.)

சாந்தி: வெளியூர்க்காரன் இந்த மலை ஏறுவதற்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்கிறான். ரூம் கிடைக்காமல் காரிலேயே தூங்குகிறான். 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் எடுக்கிற மலை ரயிலில் டிக்கெட் கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி குதிக்கிறான். நீலகிரிப் பதிவு டிஎன் 43 வண்டி வைத்துக்கொண்டு சும்மா இங்கேயே இருக்கிற நீங்கள், கீழே இறங்குவதற்கு வருடம் 5,900 கட்டுகிறீர்கள். மூடிவிடுங்கள்.

முருகேசன்: மூடினால் சிபில், அதுதான் கடன் மதிப்பெண், போய்விடும். அடுத்த வருடம் புது வண்டி லோன் போட வேண்டும். என் பேரில் இருக்கிற ஒரே கார்டு இது. 750-க்கு மேலே இருந்தால்தான் பேங்கில் நாற்காலியே போடுகிறார்கள். அதோடு மூடச் சொன்னால் மூன்று மாதம் இழுத்தடிப்பார்களாம்.

சாந்தி: முடியாது. எங்கள் முதலாளி போன வருடம் ஒன்றை மூடினார், அப்போது தெரிந்தது. ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டிருக்கிறது. பாக்கி இல்லாமல் இருந்தால் கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் அவர்கள்தான் நமக்குத் தர வேண்டும்.

முருகேசன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) ஒரு நாளைக்கு 500-ஆ? ஆஃப் சீசனில் டீசல் போக எனக்கே அவ்வளவு நிற்பதில்லை. சாந்தி, உடனே மூடச் சொல்வோம். அவர்கள் மறந்துபோகட்டும் என்று தந்தி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறேன்.

சாந்தி: கார்டில் வந்த ஒரே நல்ல சலுகை அதுதான். ஆனால் வேண்டாம். சிபில் பயம் இருந்தால் மூட வேண்டாம், கீழே இறக்குங்கள். அதே பேங்கில் கட்டணமே இல்லாத சாதாக் கார்டு இருக்கும். அதே கணக்கு, அதே லிமிட், கார்டு மட்டும் வேறு. டீசல் போடுங்கள், பில் வந்ததும் முழுசாகக் கட்டுங்கள். போன் போடுங்கள்.

(முருகேசன் போன் போடுகிறார். ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, மறுபடி ஒன்றை அழுத்தி, பதினோரு நிமிடம் கழித்து ஒரு மனிதக் குரல் கிடைக்கிறது.)

முருகேசன்: ஆமாங்க, முருகேசன்தான்... பிறந்த தேதி சொன்னேனே... கார்டை மாற்ற வேண்டும், கட்டணம் இல்லாத கார்டாக... (போனைப் பொத்திக்கொண்டு) ஏன் என்று கேட்கிறார்.

சாந்தி: இங்கே யாரும் எங்கேயும் போகவில்லை என்று சொல்லுங்கள்.

முருகேசன்: இங்கே யாரும் எங்கேயும் போகவில்லைங்க... அப்படியா... (பொத்தி) ரெண்டு மாதத்தில் 50,000 தேய்த்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடியாம்.

சாந்தி: தெருவில் இன்னும் ரெண்டு பேருக்கு ஃப்ரிட்ஜ் இல்லை. எனக்குத் தெரியும். போனுக்குள் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

முருகேசன்: வேண்டாங்க... சரிங்க... 5,900-ஐத் திருப்பிப் போட்டுவிடுவீர்களா, சரிங்க... பாயிண்ட் இருக்கும், பொருளாகத்தான் வாங்க முடியும், புரிந்ததுங்க... நான் குன்னூர்ங்க... அப்படியா! (முகம் மலர்கிறது. பொத்தி) அவருக்கு டிசம்பரில் கல்யாணமாம். ஊட்டிக்குத்தான் வருகிறார்களாம். வண்டி கிடைக்குமா என்று கேட்கிறார்.

சாந்தி: இந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்று முதலில் ஒரு பெண் சொன்னாளே.

முருகேசன்: (குரலைத் தாழ்த்தி) ஏர்போர்ட்டிலிருந்து ரெண்டாயிரத்து ஐந்நூறுங்க. லோக்கல் சைட்சீயிங் தனி... என் நம்பர்தான் உங்களிடமே இருக்கிறதே. (வைத்துவிட்டு) சாந்தி, இந்தக் கார்டால் முதல் முறையாக ஒரு வருமானம்!

சாந்தி: அட்வான்ஸ் வாங்குங்கள். காசாக. இப்போது அந்த 7,640 பாயிண்டுக்கு என்னென்ன தருகிறார்கள் என்று காட்டுங்கள்.

முருகேசன்: மிக்சி ஜார் மூடி... ஹெட்போன்... இது என்ன, டிராலி சூட்கேஸ், 7,500 பாயிண்ட். எங்கேயும் போகாதவனுக்கு சூட்கேஸ் எதற்கு? வேடிக்கைதான்.

சாந்தி: எடுங்கள் அதை.

முருகேசன்: எதற்கு?

சாந்தி: வர்க்கிக்கு. இந்த மாதம் வந்தால் தகர டப்பாவில் வைத்தாலும் நமத்துப் போகிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின வர்க்கி, நம் வீட்டுக்கு வந்தால் மூன்றே நாளில் ஈரத் துணி மாதிரி ஆகிவிடுகிறது. இது கெட்டிப் பெட்டி, ரப்பர் விளிம்பு, ஜிப். உள்ளே ஈரம் போகாது.

முருகேசன்: பேக்கரியிலிருந்து இந்த ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு வருவாயா?

சாந்தி: அதுதான் சக்கரம் இருக்கிறதே. என்ன கலர் கேட்கிறது?

முருகேசன்: கறுப்பு, நீலம், சிவப்பு.

சாந்தி: சிவப்பு போடுங்கள். பனிமூட்டத்தில் வண்டிக்காரர்களுக்குத் தெரியும்.