சின்னக் கம்பெனிப் பங்கை எப்போது குறைப்பது?

"விலை ஏறினதும் போட்ட முதலை எடுத்துடு, மிச்சம் எல்லாம் இலவசப் பங்கு." பங்குச் சந்தையில் இருக்கும் நண்பர்கள் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் பல வருடம் நம்பியிருந்தேன். இப்போது ஒப்புக்கொள்ள முடியவில்லை. விலை ஏறிய பிறகு கையில் இருக்கும் பங்கின் மதிப்பு முழுவதும் என் பணம்தான். இலவசம் என்று பெயர் வைத்த உடனே அதன் மேல் இருக்கும் கவனம் போய்விடுகிறது.

என் கதையைச் சொல்கிறேன். மின்சார வாகன உதிரிபாகம் செய்யப்போவதாக அறிவித்த ஒரு சின்ன கம்பெனி. 38 ரூபாய் விலையில் 3,000 பங்கு வாங்கினேன். பத்தரை மாதத்தில் 210 ஆனது. ஒருநாள் கணக்குப் பார்த்தால், மொத்தப் பங்கு முதலீடு சுமார் 14 லட்சத்தில் 6.3 லட்சம் இந்த ஒரே பங்கில் நிற்கிறது. கிட்டத்தட்ட பாதி! இன்னும் ஒழுங்கான லாபமே காட்டாத கம்பெனி அது. அன்றே 1,000 பங்கு விற்க நினைத்தேன்.

விற்கவில்லை. காரணம் வரி. ஓராண்டு நிறைய ஆறு வாரம் பாக்கி. இப்போது விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதாவது 34,400 ரூபாய். பொறுத்தால் நீண்டகால லாபத்தில் முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம், 5,875 ரூபாயோடு முடியும். வரிமேல் வரியான செஸ் தனி. 28,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று காத்திருந்தேன்.

அடுத்த வாரமே அந்தப் பங்கை டிரேட் டு டிரேட் பிரிவுக்கு மாற்றினார்கள். அதில் இன்று வாங்கியதை இன்றே விற்க முடியாது, டெலிவரி எடுத்தே ஆக வேண்டும். தினசரி வியாபாரம் செய்கிறவர்கள் விலகினார்கள். ஒரு நாளில் விலை 5 சதவீதத்துக்கு மேல் இறங்க விடாத எல்லையான லோயர் சர்க்யூட், தொடர்ந்து ஒன்பது நாள். திரையில் விலை இருக்கும், வாங்க ஆள் இருக்காது. தினமும் காலை ஒன்பதே காலுக்கு முன்பே ஆர்டர் போட்டேன், ஒரு பங்குகூடப் போகவில்லை. பத்தாவது நாள் பூட்டு திறந்தபோது 132. அப்போது 1,000 விற்றேன். அந்த ஆயிரத்தில் மட்டும் 78,000 குறைந்தது. ஓராண்டு நிறையாததால் வரியும் 20 சதவீதமே.

பெரிய கம்பெனிப் பங்கில் தாமதமாக முடிவெடுத்தால் கொஞ்சம் குறைந்த விலைக்காவது விற்கலாம். சின்னப் பங்கில் விற்கவே முடியாமல் போகும். ஒரு நாளில் 4,000 பங்கு கைமாறும் இடத்தில் நம்மிடம் 3,000 இருந்தால் நாமே சந்தையில் முக்கால்வாசி! அதனால் அன்றைய ஏற்றத்தின் உச்ச எல்லையான அப்பர் சர்க்யூட்டில் வாங்குவோர் வரிசை நிற்கும் நாள்தான் குறைப்பதற்கான நாள் என்று உறுதியாகச் சொல்வேன். அன்றைக்கு விற்க மனசே வராது, தெரியும். ஆனால் கேட்ட விலையில் கேட்ட அளவு வாங்கிக்கொள்ள ஆள் இருப்பது அன்றைக்கு மட்டும்தான்.

"சுஸ்லானைப் பார், விற்காமல் வைத்திருந்தவன் பிழைத்தான்" என்று உடனே சிலர் வருவார்கள். 2020-ல் 2 ரூபாய்க்கும் கீழே போன அந்தக் காற்றாலைக் கம்பெனிப் பங்கு, 2024 செப்டம்பரில் 86 ரூபாயைத் தொட்டது உண்மை. அதே பங்கு 2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல் இருந்ததும் உண்மை. அன்று வாங்கிக் குறைக்காமல் வைத்திருந்தவருக்கு 16 வருடம் கழித்து வந்த அந்த 86 என்ன ஆறுதல் தரும்? அவர்களைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை.

முழுதாக விற்றுவிடச் சொல்லவில்லை. கம்பெனி மேல் நம்பிக்கை இருந்தால் வைத்திருங்கள், ஆனால் எவ்வளவு என்பதை விலை தீர்மானிக்கக் கூடாது. நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: இப்படி ஒரு பங்கு மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டினால் 10-க்கு வரும்வரை விற்பது, அதுவும் அன்றைய வியாபாரத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டாமல். வாங்கும் அன்றே நோட்டில் எழுதிவிடுகிறேன். வரியைப் பிறகு பார்க்கிறேன்.

மீதிப் பங்கின் விலை இன்று 118 ரூபாய். மொத்தத்தில் இன்னும் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன திங்கள் 300 விற்கப் போட்டேன், 140 போனது. நாளைக் காலை மறுபடி போடுவேன்.